ஒரு மிருகம்கூட இல்லை என்று எழுதியவருக்கு

நம் மயூர் விகார் நண்பர்கள் குழுவில் நேற்று வந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஹிமாசலத்தின் தீர்த்தன் ஆற்றங்கரைக் காட்டில் ஸ்பீக்கர் அலறுகிறது, ஒருவர் புதருக்குள் கல்லெறிகிறார், மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். கீழே, ‘மூன்று நாள் நடந்தும் ஒரு மிருகம்கூட இல்லை, காசு தண்டம்’ என்று ஒரு வரி. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் பேசாமல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை.

அந்தக் காடு இருக்கும் பெரும் இமயமலை தேசியப் பூங்கா மிருகக்காட்சி சாலை அன்று. 750 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த அந்தக் காட்டுக்குள் வண்டி போகாது, நடந்துதான் போக வேண்டும். பனிச்சிறுத்தையும் கஸ்தூரி மானும் அங்கே நமக்குக் காட்சி தருவதற்காக வாழவில்லை.

நானும் ஒரு மே மாதம் மகளோடு போனேன். குஷைனியில் இறங்கி, ரோலாவுக்கும் மேலே ஷில்ட் வரை ஏறினோம். மூன்று நாளில் நாங்கள் கண்டது பாறைமேல் காய்ந்து கிடந்த புழுக்கைகளும், மோனால் என்ற மலைக்கோழியின் மின்னும் இறகு ஒன்றும்தான். கடைசி நாள் விடியலில் மூங்கில் புதர்களுக்கு அப்பாலிருந்து ஒரு கதறல் கேட்டது. “ஆட்டுக்குட்டி ஏதாவது தொலைஞ்சுபோச்சாப்பா?” என்றாள் மகள். வழிகாட்டி உதட்டில் விரலை வைத்து, ‘ஜுஜுராணா’ என்று வாயசைத்தார். ஹிமாசலத்தின் மாநிலப் பறவை அது. உலகிலேயே அரிதான கோழியினங்களில் ஒன்று. கால் மணி நேரம் மூச்சடக்கி உட்கார்ந்திருந்தோம். அது வெளியே வரவேயில்லை. அந்தப் பயணத்தில் எதையோ இழந்ததாக எங்களுக்கு இன்றுவரை தோன்றியதில்லை.

“பணம் கட்டித்தானே போனோம்” என்கிறார்கள். நீங்கள் கட்டியது நுழைவதற்கான கட்டணம். விலங்குக்கு விலை அன்று. “நீ மட்டும் போகலாமா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் காலடியும் அங்கே தொந்தரவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கல்லெறியவில்லை. அந்தப் பறவைகள் முட்டையிட்டு அடைகாக்கும் மாதங்களில் புதரைக் கலைப்பது விளையாட்டாகாது. கேரளத்தின் இரவிகுளத்தில் வரையாடு குட்டி போடும் காலத்தில் ஆண்டுதோறும் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். இதைச் சொன்னதற்கு, “நீ என்ன வனத்துறை அதிகாரியா?” என்று குழுவில் கேட்டார் பெரியவர் ஒருவர். இருபது ஆண்டுகளாகப் பொங்கலுக்கு அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். அந்தக் கேள்வி மனத்தைவிட்டுப் போகவில்லை.

எங்கள் வழிகாட்டியின் தாத்தா அந்த மேட்டில் ஆடு மேய்த்தவர். 1999இல் பூங்கா முறையாக அறிவிக்கப்பட்டபோது, மேய்ச்சல் உரிமையும் மூலிகை எடுக்கும் உரிமையும் அந்த ஊர்க்காரர்களிடமிருந்து போயின. காட்டுக்காகப் பிழைப்பை விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். ஒரு பாட்டை நிறுத்திக்கொள்ள நம்மால் முடியவில்லையா?

வீடியோவின் ஓரத்தில், முதுகுச் சுமையை இறக்காமல் அந்த ஊர்க்காரர் ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். அவருக்காகவாவது அதை நீக்கிவிடுங்கள் என்று இரண்டு முறை கேட்டேன். இன்னும் நீக்கவில்லை.