பாலர் விடுதலையான நாளில் திருநெல்வேலி

தாமிரபரணிக் கரையில் தைப்பூச மண்டபத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு வங்காளியின் ஞாபகம் வந்துவிடும். துவைகல்லில் துணி அடிக்கும் சத்தமும், படியில் வழியும் சோப்பு நுரையுமாக இருக்கும் இந்தக் கரையில்தான் 1908 மார்ச் 9 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தடையை மீறிப் பேசினார்கள். எங்கோ பீகாரில் பக்சார் சிறையிலிருந்து விபின் சந்திர பாலர் அன்று விடுதலையாகிறார். கொண்டாட்டம் அதற்காக.

பள்ளிக்கூடத்தில் 'லால் பால் பால்' (லாலா லஜபதி ராய், பால கங்காதர திலகர், விபின் சந்திர பாலர்) என்று ஒரே மூச்சில் ஒப்பித்ததோடு நமக்கு பாலர் முடிந்துபோனார். சுதேசி, அந்நியத்துணி பகிஷ்காரம், மேடையில் இடிமுழக்கம், அவ்வளவுதான். அவர் வைணவர், வைணவத்தை ஊன்றிப் படித்து எழுதிய அறிஞர் என்பதைச் சொல்லாமல் அவருடைய அரசியலைச் சொல்லவே முடியாது. எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

1858இல் சில்ஹெட் பக்கம் பொயில் கிராமத்தில் பிறந்தவர். அந்த ஊர் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. இளம் வயதிலேயே பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்தார். அப்பா பாரசீகம் கற்ற மனிதர். மகனின் இந்த முடிவைப் பொறுக்காமல் ஒதுக்கி வைத்தார். பாலர் மசியவில்லை. விதவையை மணந்தார். அந்த மனைவி இறந்த பிறகு செய்துகொண்ட இரண்டாவது திருமணமும் ஒரு விதவையோடுதான். 1895இல் விஜயகிருஷ்ண கோஸ்வாமியிடம் தீட்சை பெற்றார். கோஸ்வாமி, வங்காள வைணவத்தின் மூலவரான சைதன்யரின் தோழர் அத்வைதாசாரியரின் வம்சம். அவரும் பிரம்ம சமாஜம் வரை போய் பக்திக்குத் திரும்பியவர். சீர்திருத்தத்தை உதறிவிட்டுப் பாலர் பக்திக்கு வரவில்லை, அதையும் கையோடு கொண்டு வந்தார். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நம் பக்கத்து வைணவம் 'அடியேன்' என்று ஆரம்பிக்கும். எங்கள் ஆச்சி பெருமாள் முன்னால் நிற்கும்போது குரலே பாதியாகிவிடும். வங்காள வைணவத்திலும் அந்த தாஸ்ய பாவம், அடிமை மனநிலை, உண்டு, ஆனால் அது கீழ்ப்படிகளில் ஒன்றுதான். அதற்கு மேலே சக்யம் (தோழமை), வாத்சல்யம் (பிள்ளைப் பாசம்), மாதுர்யம் (காதல்). இடைச் சிறுவன் கண்ணனின் தோளில் ஏறுகிறான், தான் கடித்துப் பார்த்த பழத்தை அவன் வாயில் ஊட்டுகிறான். கடவுளோடு அப்படித் தோளில் கைபோட்டுப் பழகலாம் என்று நம்பும் ஒருவனால் கலெக்டர் துரைக்கு முன்னால் எப்படிக் குனிந்து நிற்க முடியும்? பாலரின் சுயராஜ்யம் இங்கிருந்துதான் முளைத்தது என்று நான் நினைக்கிறேன்.

சிறைக்குப் போன கதையும் அவர் குணத்தைக் காட்டும். 'வந்தே மாதரம்' பத்திரிகையைத் தொடங்கியவர் அவர். கருத்து வேறுபாட்டால் சில மாதங்களிலேயே வெளியேறிவிட்டார். 1907இல் அதே பத்திரிகைக்காக அரவிந்தர் மீது ராஜத்துரோக வழக்கு வந்தது. பாலரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். கூண்டில் ஏறி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றார். ஆறு மாதம் சிறை. அரவிந்தர் விடுதலையானார். பிரிந்து வந்த இடத்துக்காக ஆறு மாதம் உள்ளே இருப்பதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்?

அந்தச் சிறையில் அவருக்கு ஓர் அனுபவம் வாய்த்தது. நம் எல்லோருக்குள்ளும் இருக்கும் இறைவன், தேசத்துக்குள் இருக்கும் இறைவன் என்று அதை வெளியே வந்து கல்கத்தாவுக்குப் பக்கத்து ஊரான உத்தர்பாராவில் பேசினார். அடுத்த ஆண்டு அதே ஊரில் பேசிய அரவிந்தர், பாலர் கொண்டுவந்த அந்தச் செய்தியை நினைவுகூர்ந்துதான் தன் பேச்சைத் தொடங்கினார்.

தெற்கே நமக்கு அவர் அந்நியரில்லை. 1907 மே மாதம் சென்னைக் கடற்கரையில் பேசினார். அந்தக் கூட்டங்களுக்கு முன்னின்றவர்களில் பாரதியும் ஒருவர். தூத்துக்குடியில் கோரல் மில் வேலைநிறுத்தம் வென்ற சூட்டிலேயே பாலரின் விடுதலை நாளும் வந்தது. கலெக்டர் விஞ்ச் கூட்டம் கூடாது என்றார். கூடியது. பின்னாளில் சிவஞான போதத்துக்கு உரை எழுதிய பழுத்த சைவரான வ.உ.சி. ஒரு வங்காள வைணவருக்கு விழா எடுத்தார் என்பதை நினைக்கும்போது மனசு நிறைகிறது. மூன்றே நாளில் வ.உ.சி.யும் சிவாவும் கைது. 13ஆம் தேதி திருநெல்வேலி எழுந்தது. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள், நாற்பது ஆண்டுகள். மேல்முறையீட்டில்தான் குறைந்தது.

பாலரின் பிற்காலத்தை மறைக்க நான் விரும்பவில்லை. 1908இல் இங்கிலாந்து போனார். முழு விடுதலை கேட்ட அதே வாய் பேரரசுக்குள் சமமான கூட்டாட்சி என்று பேசத் தொடங்கியது. மனித குலம் முழுவதும் நாராயணனின் உடல், தேசங்கள் அதன் அங்கங்கள் என்ற நம்பிக்கையை அவர் அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். தத்துவமாக அழகுதான். ஆனால் அடிமைப்பட்ட அங்கத்தின் வலிக்கு அது மருந்தாகவில்லை. இதில் என்னால் அவரோடு நிற்க முடியவில்லை. 1921இல் காந்தியை எதிர்த்துப் பேசித் தனித்துப்போனார். 1932 மே 20 அன்று கல்கத்தாவில் காலமானார். வங்காள வைணவம் பற்றிய அவருடைய நூல் அதற்குப் பிறகுதான் வெளியானது.

பாலரின் விடுதலைக்கு ஊரைத் திரட்டிய வ.உ.சி. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். வரவேற்க விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் வந்திருந்தார்கள். அவர்களில் சிவாவும் நின்றார்.