சேலையைக் காட்டக் கேமரா கேட்டால் மெகாபிக்சலைக் காட்டுகிறார்கள்

“எத்தனை மெகாபிக்சல் பாக்குறீங்க சார்?” என்று ஆரம்பிக்காத ஒரு கேமரா விற்பனையாளர் மதுரையில் எங்காவது இருந்தால் விலாசம் சொல்லுங்கள். நேரில் போய்ப் பொன்னாடை போர்த்திவிட்டு வருகிறேன்.

ஆன்லைனில் விற்கும் சேலைகளைப் படம் எடுக்க ஒரு கேமரா தேடிப் போன கதை இது. கணக்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். கடையில் போட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் 4-க்கு 5 விகிதத்தில் நெடுவாக்கில் போடும் படம் 1080-க்கு 1350 புள்ளிகள். பெருக்கினால் 14 லட்சத்து 58 ஆயிரம். பத்து லட்சம் புள்ளி சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல், ஆக ஒன்றரைகூடத் தேறவில்லை. நீங்கள் 6000-க்கு 4000 என்று 24 மெகாபிக்சலில் எடுத்து ஏற்றினாலும் மீதியைக் கழித்துவிட்டுத்தான் அது உள்ளே விடும். வாட்ஸ்அப் அதற்கு மேல். 2023-இல் எச்.டி. வசதி வந்த பிறகும் சுருக்கத்தான் செய்கிறது. படம் முழுசாகப் போய்ச் சேர வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். ஃபுல் எச்.டி. திரை என்பதே 2 மெகாபிக்சல்தான். வீட்டுச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் 4கே டிவி 8-ஐ ஒட்டி. நிக்கான் கேமராவிலிருந்து போனுக்கு அதன் ஸ்னாப்பிரிட்ஜ் ஆப் வழியாகப் படம் தானாகப் போகும்படி வைத்தால், அது அனுப்புவது 2 மெகாபிக்சல் படம். ஆன்லைனுக்கு அது போதும் என்று தயாரித்தவனுக்கே தெரிந்திருக்கிறது. விற்கிறவனுக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை.

இதையும் கேளுங்கள். 2012-இல் வந்த நிக்கான் டி3200-இல் 24 மெகாபிக்சல். 2023-இல் வந்த கேனான் ஆர்50-இலும் 24 மெகாபிக்சல். நடுவில் பதினோரு வருஷம் ஓடியிருக்கிறது. மாறியது ஃபோகஸ், வீடியோ, வைஃபை எல்லாம். இவர்கள் கூவிக் கூவிச் சொல்லும் அந்த ஒரு எண் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது!

கேமரா எனக்கு இல்லை, என் அக்கா மகளுக்கு. வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறாள். இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்தான் கடை. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்துப் பிரித்தால், முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்குமே, அந்தச் சுங்குடி. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கையால் முடிந்த சேலைக்கும் அதே புள்ளியை அச்சடித்த சேலைக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அது கண்ணுக்குத் தெரிவது எதில் என்றால், கை முடிச்சில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, ஓரம் லேசாகக் கசிந்திருக்கும், முடிந்த இடத்தில் துணி கொஞ்சம் சுருங்கி நிற்கும்.

இதைப் போனில் எடுத்தால் என்ன ஆகிறது? வெளிச்சம் குறைந்த அறையில் எடுத்த படத்தில் பொரிப்பொரியாகத் தெரிவதைத் துடைக்கிறேன் என்று துணியின் இழையையும் சேர்த்து வழித்துவிடுகிறது. அப்புறம் தானாகவே ஓரங்களைக் கூர்மையாக்குகிறது. கை முடிச்சு அப்படியே அச்சுப் புள்ளியாகிவிடுகிறது. “பிரிண்டட்தானக்கா, எதுக்கு இம்புட்டு விலை?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நிறம் இன்னொரு கூத்து. டியூப் லைட்டுக்குக் கீழே ஒரே அரக்குச் சேலையை நாலு படம் எடுத்தால் நாலும் நாலு நிறம். வாங்கியவர் “படத்துல அரக்கு, வந்தது குங்குமக் கலர்” என்று திருப்பி அனுப்புவார். கூரியர் காசு இவள் தலையில்.

ஆக, தேவை என்ன? நிறத்தை ஒரு இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். இழை தெரிய வேண்டும். எடுத்த படம் சீக்கிரம் போனுக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடை, பெயர் வேண்டாம். “சேலைப் படம் எடுத்து ஆன்லைன்ல போடணும்” என்று இவள் தெளிவாகத்தான் சொன்னாள்.

“ஆன்லைன்னா ரீல்ஸ்தான மேடம்? 40 மெகாபிக்சல்ல ஒண்ணு வந்திருக்கு, பாக்குறீங்களா?”

“வெள்ளைப் பேப்பரை வச்சு வொயிட் பேலன்ஸ் செட் பண்றது இதுல எங்க இருக்கு தம்பி?” என்று நான் கேட்டேன்.

“அதெல்லாம் ஆட்டோவே பாத்துக்கும் சார்.”

ஆட்டோ பார்த்துக்கொண்ட லட்சணத்தால்தானே ஐயா இங்கே வந்து நிற்கிறோம்! சேலை விரிக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளையோ சாம்பல் அட்டையையோ வைத்து ஒரு படம் எடுத்து, “இதுதான் வெள்ளை” என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டால், அந்த வெளிச்சம் மாறாதவரை அரக்கு அரக்காகவே வரும். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும், விலை குறைந்ததிலும்கூட, இந்த வசதி உண்டு. அந்தத் தம்பி மெனுவுக்குள் போய்த் தேடித் தேடிக் கடைசியில் தேதி மாற்றும் இடத்தில் போய் நின்றார்.

சமாளிக்க அவர் எடுத்த அடுத்த அஸ்திரம் கோயில். “மீனாட்சி அம்மன் கோயில் உள்ள ஃபிளாஷ் இல்லாமலே தூணெல்லாம் சும்மா அள்ளும் சார்.” 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் போனையே விடுவதில்லை. இவர் கேமரா விற்கிறார், மதுரைக்காரரிடமே!

அடுத்தது லென்ஸ். “50 எம்எம் 1.8 போடுங்க, பின்னாடி எல்லாம் பிளர் ஆயிரும், செம லுக்கு.” பின்னாடி என்ன இருக்கிறது பிளர் ஆக்க? பின்னாடியும் சேலைதான். பார்டரிலிருந்து முந்தி வரை எல்லாமே தெளிவாகத் தெரிந்தால்தான் வாங்குவார்கள். லென்ஸின் வாயை அகலமாகத் திறந்து 1.8-இல் எடுத்தால் ஒரு மடிப்பு தெளிவாக இருக்கும், அடுத்த மடிப்பு மங்கிப் போகும். துணிக்கு அந்த வாயைச் சுருக்கி எஃப் 8 வைத்து, டிரைபாட் என்ற முக்காலியில் நிறுத்தி எடுக்க வேண்டும். இன்னொன்று, கேனானின் டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை) கேமராக்களுக்கான அந்த 50 எம்எம் எஸ்டிஎம் லென்ஸ் 35 செ.மீ.க்கு உள்ளே போனால் ஃபோகஸே ஆகாது. கேமராவோடு கூடவே வரும் 18-55 எஸ்டிஎம் கிட் லென்ஸ் 25 செ.மீ. வரை கிட்டே போகும், பொருளையும் பெரிதாகக் காட்டும். சுங்குடிப் புள்ளிக்கு எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள். ‘கிட் லென்ஸ் குப்பை’ என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்டதை ஊரே மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த வேலைக்கு டிரைபாடுதான் முக்கியம் என்று கடையில் ஒருவரும் சொல்லவில்லை. அதில் அவர்களுக்கு என்ன நிற்கும்?

என்னை உண்மையிலேயே கொதிக்க வைத்தது படத்தைப் போனுக்கு மாற்றும் விஷயம். ஆன்லைனில் போட என்று கேமரா வாங்குகிறவர் தினம் தினம் மல்லுக்கட்டப் போவது அதனுடன்தான். “போன்ல கனெக்ட் பண்ணிக் காட்டுங்க” என்று கேட்டால், பேட்டரியில் சார்ஜ் இல்லையாம். சார்ஜ் போடச் சொன்னால், டெமோ பீஸாம். என் மெமரி கார்டைப் போட்டு ரெண்டு படம் எடுத்துப் பார்க்கவா என்றால், “பாக்ஸ் பிரிச்சா வாங்கிரணும் சார்.” பல ஆயிரம் ரூபாய்ப் பொருளைக் கண்ணாடி அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டு வாங்கிப் போக வேண்டுமாம். முந்நூறு ரூபாய்ச் செருப்பைக்கூடப் போட்டு நடந்து பார்க்க விடுகிற ஊர் இது.

வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்பது கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கேமராவின் வைஃபையில் போன் சேரும். இதில் இணையம் இல்லையே என்று போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். பாதிப் படத்தில் அறுந்துபோகும். ஆப்பை மூடு, திற, புளூடூத்தை அணை, போடு, இருப்பிட அனுமதி கொடு. இதற்குள் இருபது சேலையை மடித்தே வைத்துவிடலாம். டைப்-சி கார்டு ரீடர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிப் போனில் செருகினால் வேலை முடிந்தது. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் இல்லை. ஆனால் ‘ஃப்ரீ பேக், ஃப்ரீ கார்டு’ மட்டும் தவறாமல் உண்டு. அந்தப் பையின் ஜிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பதிவு நீண்டுவிடும்.

பில் சமாச்சாரம் தனி. 2019 ஜனவரியில் கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. இறங்கி என்ன, “பில் இல்லாம இம்போர்ட் பீஸ் எடுத்துக்கங்க, குறைச்சுத் தர்றோம்” என்று காதோரமாகச் சொல்லத்தான் செய்கிறார்கள். இந்திய வாரண்டி இல்லாத அந்தப் பெட்டி பழுதானால் யாரிடம் போய் நிற்பது? கேட்டால் சிரிப்பு.

சரி, கடைக்காரர் வியாபாரி, விட்டுவிடலாம். சொந்தக்காரர்களை என்ன செய்வது? கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் உறவுக்காரர் ஒருவர், “மாப்ள, ஃபுல் ஃப்ரேம் இல்லைன்னா அது கேமராவே இல்ல” என்றார். ஃபுல் ஃப்ரேம் என்றால் படம் பதியும் சென்சார் 36-க்கு 24 மி.மீ., சாதாரண கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி கிட்டத்தட்ட 23.5-க்கு 15.6. பெரிய சென்சார் இருட்டில் கைகொடுக்கும், வாஸ்தவம். ஆனால் சேலை ஓடாதே? டிரைபாடில் வைத்து அரை வினாடி ஷட்டர் திறந்து வைத்தாலும் அது அசையாமல் கிடக்குமே? அதற்கு எதற்கு லட்ச ரூபாய்? அதே மனிதர் போகிற போக்கில் “அடோபி ஆர்ஜிபில வச்சு எடு, அதான் புரொஃபஷனல்” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். நிறத்தைப் பதியும் முறைகளில் அது ஒன்று. அதை அப்படியே ஆன்லைனில் ஏற்றினால் பல இடங்களில் நிறம் வெளிறித்தான் தெரியும். ஆன்லைனுக்கு எஸ்ஆர்ஜிபிதான். கேமராவும் அப்படித்தான் வருகிறது, தொடாமல் விட்டாலே போதும்.

எதிர்க்கட்சி ஒன்று உண்டு. “200 மெகாபிக்சல் போனே இருக்கு, கேமரா எதுக்கு?” 2023-இல் வந்த சாம்சங் எஸ்23 அல்ட்ராவில் 200 இருக்கிறது. ஆனால் பதினாறு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து அது வழக்கமாகக் கொடுப்பது 12 மெகாபிக்சல் படம். அதாவது, அந்த எண் அங்கேயும் பெட்டியின் மேலே அச்சடிக்கத்தான். போனில் புரோ மோடுக்குப் போய் வொயிட் பேலன்ஸைப் பூட்டலாம் என்பது உண்மை, பகலில் ஜன்னலோரம் எடுத்தால் நன்றாகவும் வரும். இவளுக்கு வேலை நடப்பதோ ராத்திரியில்.

பெரிய கேமராவே யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடிவதற்கு முன் வைகைக் கரையில் நின்று அழகரை எடுப்பவருக்கு எஃப் 2.8 லென்ஸ் வேண்டும். அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை வெளியே பாய்வதைப் பிடிக்க ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி ஷட்டரும், தடுமாறாத ஃபோகஸும் வேண்டும். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியில் மலை உச்சி வல்லூறைத் தேடுபவருக்கு 400, 600 எம்எம் லென்ஸ் வேண்டும், வெட்டிப் பெரிதாக்க மெகாபிக்சலும் உதவும். அழகருக்கு ஒன்று, காளைக்கு ஒன்று, வல்லூறுக்கு ஒன்று என்று இருக்கும்போது, எதை எடுக்கப் போகிறீர்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் இவர்கள் எப்படிக் கேமராவை எடுத்து நீட்டுகிறார்கள்?

கடைசியில் கண்ணாடி இல்லாத புது வகை மிரர்லெஸுக்கு மாறிக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை 18-55 லென்ஸோடு வாங்கினோம். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம், எத்தனை படம் எடுத்த ஷட்டர் என்று விசாரித்தோம். டிரைபாடும் கார்டு ரீடரும் சேர்த்தே, அந்த 40 மெகாபிக்சலுக்கு முன்பணம் கட்டும் அளவுக்குக்கூட ஆகவில்லை. புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, அரக்கு அரக்காக நிற்கிறது.

ஆனாலும் “கலர் அப்படியே வரும்” என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று போன் திரையை மஞ்சளாக்கி வைத்துக்கொண்டு, “ஏம்மா, வெள்ளைச் சேலைன்னு போட்டிருக்க, சந்தனக் கலர்ல இருக்கே?” என்று கேட்கிறார் ஒரு அம்மா. இவருக்கு எந்தக் கேமராவை வாங்கிக் காட்டுவது?