'நன்றாக இருக்கிறது' என்று எழுத விடாதீர்கள்

மாணவர்கள் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் பார்ப்பதால் பயனில்லை, எழுத்துப்பிழையை வட்டமிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று முடித்துவிடுகிறார்கள் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். என் வகுப்பிலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் 'படித்துக் கருத்துச் சொல்' என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் வேறென்ன எழுதுவார்கள்?

வாதக் கட்டுரை என்றால் கேள்வியும் வாதத்தைப் பற்றியே இருக்க வேண்டும். பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958-இல் முன்வைத்த முறை இதற்கு ரொம்பவே உதவும்: நிலைப்பாடு எது, ஆதாரம் எது, இரண்டையும் இணைக்கிற அனுமானம் எது. 'பள்ளியில் செல்போன் கூடாது, கவனம் சிதறும்' என்று ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கவனத்தைச் சிதறடிக்கும் எதையும் தடை செய்யத்தான் வேண்டும் என்பது அவள் சொல்லாமல் விட்ட பகுதி. எழுதியவளுக்கு அது கண்ணில் படாது, பக்கத்தில் இருப்பவளுக்குப் பட்டுவிடும். 'தடைதான் ஒரே வழியா?' என்று தோழி ஓரத்தில் கேட்டால் போதும், அடுத்த வரைவில் ஒரு பத்தி புதிதாக முளைக்கும்.

அப்புறம், மதிப்பெண் போடும் வேலையை மாணவர்களிடம் கொடுக்காதீர்கள், நட்பு குறுக்கே வந்துவிடும். எழுத்துப்பிழையைக் கடைசி வரைவில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வரைவில், எதிர்த்தரப்புக்குப் பதில் இருக்கிறதா என்று மட்டும் தேடச் சொல்லுங்கள்.