ஏழைகள் நடத்திய சங்கத்தையும் சேர்த்திருக்கலாம்

காப்பீட்டின் வரலாறு பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் காப்பீடு கப்பல் வியாபாரிகளிடம்தான் பிறந்தது என்று சொல்லி முடித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. கப்பல் மூழ்கினால் கடனைத் திருப்பித் தர வேண்டாம், கரை சேர்ந்தால் கூடுதல் வட்டி என்ற கிரேக்க ஏற்பாடு, 1347-ல் இத்தாலியத் துறைமுகமான ஜெனோவாவில் எழுதிய கப்பல் காப்பீட்டு ஒப்பந்தம், எல்லாம் சரி. ஏழைகள் என்ன செய்தார்கள்?

ரோமுக்குத் தெற்கே லனுவியம் என்ற ஊரில் ஏழைகள் தங்கள் ஈமச்சடங்குக்காக நடத்திய ஒரு சங்கம் இருந்தது. அதன் விதிகளை கி.பி. 136-ல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சேரும்போது 100 செஸ்டர்ஸும் (ரோமானிய நாணயம்) ஒரு ஜாடி நல்ல ஒயினும், அப்புறம் மாதம் 5 அஸ் (அதைவிடச் சிறிய காசு), அதாவது ஒன்றேகால் செஸ்டர்ஸ். உறுப்பினர் இறந்தால் ஈமச்சடங்குக்கு 300 செஸ்டர்ஸ் கிடைக்கும், அதில் 50 இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்களுக்கு. ஊரிலிருந்து 20 மைலுக்கு அப்பால் இறந்தாலும், செய்தி வந்துவிட்டால் சங்கத்திலிருந்து மூன்று பேர் போய்க் காரியத்தை நடத்திவிட்டு வந்து கணக்குக் காட்ட வேண்டும். தற்கொலைக்குப் பணம் கிடையாது. இன்றைய ஆயுள் காப்பீட்டில் முதல் வருடத்துக்கு இருக்கிற நிபந்தனை நினைவுக்கு வருகிறதா?

என்னை உலுக்கியது இன்னொரு விதி. அடிமைகளும் அதில் உறுப்பினர்கள். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒரு மனிதன் மாதாமாதம் காசு கட்டியிருக்கிறான், அவன் இறந்த பிறகு எஜமான் வன்மத்தால் உடலைத் தர மறுத்தால், அவனுடைய உருவத்தை வைத்தாவது சடங்கு செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த பகுதியில் தயவுசெய்து இவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.