நண்டு வலையை எடுத்துட்டு வர்றேன்னு சொன்னா என்ன தப்பு?

அந்த வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பங்குக் கோவில் வாட்ஸ்அப் குரூப்பில் கிளம்பி எங்கள் சொந்தக்காரர்கள் குரூப் வரைக்கும் வந்துவிட்டது. சாமியார், சிஸ்டர் ஆகப் பிள்ளைகளைத் தூண்டுகிற இறையழைத்தல் ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளை மேடையில் ஏற்றி, பெரிய ஆளானால் என்ன ஆவாய் என்று மைக்கை நீட்டுகிறார் வெளியூர்ப் பேச்சாளர். சாமியார் ஆவேன் என்ற பையனுக்குச் சால்வை. சிஸ்டர் ஆவேன் என்ற பிள்ளைக்குச் சால்வையும் ஜெபமாலையும். அடுத்து நின்றவன், "அப்பா கூட கடலுக்குப் போவேன்" என்றான். "அப்போ இயேசு வந்து கூப்பிட்டா? இருங்க ஆண்டவரே, நண்டு வலையை எடுத்துட்டு வர்றேன்னு சொல்லுவியா?" கோவிலே சிரித்தது. பையனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

சிரிப்பு எமோஜி போட்டவர்களில் பாதிப் பேர் வீட்டுத் திண்ணையில் நண்டு வலை கிடக்கிறது. எனக்கு எரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது.

இயேசுவின் அழைத்தல் என்றால் சாமியார் ஆகிற குருமடமும் சிஸ்டர் ஆகிற கன்னியர் மடமும்தான் என்று யார் முடிவு செய்தது? தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அதே 1964-இல்தான் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய ஏட்டை வெளியிட்டது. எந்த நிலையில் வாழ்ந்தாலும் கிறிஸ்தவர் எல்லாரும் புனித வாழ்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. எல்லாரும் என்றால் எல்லாரும்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரும், பாசி எடுக்கக் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்குகிற அக்காவும் அதில் உண்டு.

உடனே வசனத்தோடு வருவீர்கள், தெரியும். "வலையை விட்டுவிட்டுப் பின்தொடர்ந்தார்கள்", மாற்கு முதல் அதிகாரம். சரி, அதையே முழுசாகப் படிப்போம். யாக்கோபும் யோவானும் அப்பா செபதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுப் போனார்கள். அப்படியென்றால் படகு ஓடியது, வலை ஓடியது, கூலியும் கொடுத்தாக வேண்டும். லூக்கா சொல்கிறபடி இரண்டு படகு மூழ்குகிற அளவுக்கு மீன். அதைக் கரையில் தள்ளி, தரம் பிரித்து, விற்றது யார்? கடல்கரையில் பிறந்த எவனுக்கும் இந்தக் கேள்வி வரும். மேடையில் நின்றவருக்கு வரவில்லை.

வலையை விட்டுப் போன இன்னொரு மீனவர் பேதுரு. அவருக்கு வீடு இருந்தது, காய்ச்சலில் கிடந்த மாமியார் இருந்தார். மனைவியைக் கூட்டிக்கொண்டுதான் பேதுரு ஊர் ஊராகப் போனார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். உயிர்த்த ஆண்டவரைப் பார்த்த பிறகும் "நான் மீன் பிடிக்கப் போகிறேன்" என்று கிளம்பியவர்தான் அவர். கரையில் நின்ற ஆண்டவர் அவரைப் பார்த்துக் கிண்டலா செய்தார்? வலையை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று சொன்னார். அப்புறம் அடுப்பு மூட்டிச் சாப்பிடக் கூப்பிட்டார்.

கெரசேனர் நாட்டில் பேய் நீங்கியவன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சினான். இயேசு சம்மதிக்கவில்லை. உன் வீட்டுக்குப் போ, உன் மக்களிடம் சொல் என்று அனுப்பினார். அவனுக்கு அதுதான் அழைத்தல். சால்வை கிடையாது.

"ஓரியூரில் ரத்தம் சிந்திய அருளானந்தர் எல்லாவற்றையும் விட்டுத்தானே வந்தார்?" என்று ஒருவர் நேற்றே இன்பாக்ஸில் கேட்டுவிட்டார். ஆமாம். லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை, வீட்டை விட்டு சாமியாராக நம்ம ராமநாதபுரம் மறவர் சீமைக்கு வந்து 1693 பிப்ரவரி 4-இல் தலை கொடுத்தார். அருளானந்தர் முன்னால் நானும் முழங்கால் போடுகிறவன்தான். ஆனால் அவர் ஏன் கொல்லப்பட்டார் என்று யோசித்தீர்களா? மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் அவரிடம் ஞானஸ்நானம் வாங்கி, ஒரே மனைவியோடு வாழ்வேன் என்று மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்ட ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். பிரச்சினை அங்கேதான் வெடித்தது. தடியத்தேவர் அங்கி மாட்டவில்லை, குருமடம் போகவில்லை. இருந்த இடத்தில், தன் வீட்டுக்குள்ளேயே அழைப்புக்குப் பதில் சொன்னார். அதைப் பார்த்துத்தான் ராமநாதபுரமே ஆடிப்போனது. வருஷா வருஷம் ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வருகிறோம், தடியத்தேவர் பெயரை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்? (விலக்கப்பட்ட பெண்கள் கதி என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

என் அப்பா கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அவர் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். ஒரு சீசனில் படகுக்காரர் இரட்டைமடி, அதாவது இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற வலையை, ஏற்றச் சொன்னார். "குஞ்சும் பொடியும் வாரிட்டு வந்தா நாளைக்கு நம்ம பிள்ளைங்க எதைப் பிடிக்கும்? தடை பண்ணின வலைக்கு நான் ஸ்டியரிங் பிடிக்க மாட்டேன்" என்று இறங்கி வந்துவிட்டார். எங்களுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுகிற நேரம். அம்மா அன்று இரவு போட்ட சண்டை தெரு முழுக்கக் கேட்டது. அம்மாவையும் குற்றம் சொல்ல முடியாது, அவர்தான் அரிசிக்கடைக்காரருக்கு முகம் கொடுக்க வேண்டும்.

அப்புறம் நாட்டுப்படகில் போய், பங்கு குறைவாக வாங்கி, நண்டு வலைதான் போட்டார். கரையில் உட்கார்ந்து காலும் கொடுக்கும் ஒடியாமல் ஒவ்வொரு நண்டாகக் கழற்றுவார். ஒடிந்தால் கம்பெனிக்காரர் விலையைக் குறைத்துவிடுவார், அவசரப்பட்டு இழுத்தால் வலை கிழியும். விரல் நுனியெல்லாம் கீறலும் உப்பும். அந்த வருஷத் திருவிழாவில் இரட்டைமடிக்காரருக்குத்தான் முதல் மாலை, பெரிய நன்கொடை கொடுத்தவராயிற்றே. அப்பா கடைசி வரிசையில் நின்று பூசை கண்டுவிட்டு வந்தார். சிலுவையைத் தூக்கிக்கொண்டு என் பின்னே வா என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

"அப்போ சாமியார்களே வேண்டாமா?" வேண்டும் ஐயா. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் குடும்பங்களோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் நிற்கிற சாமியார்களை எனக்குத் தெரியும். 1549-இல் வேதாளையில் சனங்களை விட்டு ஓடாமல் நின்று செத்த அந்தோணி கிரிமினாலி சாமியாரையும் தெரியும். அவர்கள் யாரும் வலைக்காரனைப் பார்த்துச் சிரித்ததில்லை.

"விளையாட்டாகச் சொன்னதை ஏன் பெரிதாக்குகிறாய்?" விளையாட்டு எப்போதும் ஏன் எங்கள் பக்கமே விழுகிறது? டாக்டர் ஆவேன் என்ற பிள்ளையும் அதே வரிசையில்தான் நின்றது. இயேசு கூப்பிட்டால் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றுவாயா என்று யாரும் கேட்கவில்லை, கைதட்டினார்கள். கொடிமரம் தூக்க நாங்கள், படகுக்கு இவ்வளவு என்று கோவிலுக்கு எழுதிக் கொடுக்க நாங்கள், தேர் இழுக்க நாங்கள். பிரசங்கத்தில் உதாரணத்துக்கும் எங்கள் வலை வேண்டும், ஓட்டை வலை, காலி வலை, விட்டுவிட்டு வரவேண்டிய வலை. அந்த மைக் செட்டுக்கு வாடகை எந்தக் காசில் போனது என்று கேட்டால் மட்டும் நான் திருச்சபைக்கு விரோதியா?

"குருமடத்துக்கு எடுபடாத பொறாமையில் எழுதுகிறான்" என்று ஒருவர் ஆரம்பித்திருக்கிறார். நான் அங்கே விண்ணப்பமே போட்டதில்லை தம்பி. எங்கள் வீட்டில் எவனும் போட்டதில்லை. எங்களை ஆண்டவர் படகடியிலேயே கூப்பிட்டுவிட்டார், நாங்களும் முடிந்த மட்டும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பையனின் அப்பா இதைப் படித்தால் ஒரு வார்த்தை: அவனை இந்த வாரம் மறைக்கல்விக்குப் போகாதே என்று நிறுத்திவிடாதீர்கள் அண்ணே. சிரித்தவர்கள் வேண்டுமானால் நின்றுகொள்ளட்டும்.