பட்ஜெட் போன்: பெட்டியில் அச்சடிக்காததைத்தான் முதலில் தேட வேண்டும்

பட்ஜெட் போன் என்றாலே மட்டம் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. "இந்த விலைக்கு இது போதாதா?" என்று எல்லாக் குறையையும் மன்னித்துவிடும் விமர்சனங்களும் அதே அளவுக்கு எரிச்சல் தருகின்றன. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் எதையாவது குறைத்துத்தான் ஆக வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் எதைக் குறைத்தோம் என்பதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். 50 மெகாபிக்சல், 5000 எம்ஏஎச், எட்டு கோர் எல்லாம் பெட்டி மேலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். ஸ்டோரேஜ் என்ன ரகம் என்று தேடினால் பல பெட்டிகளில் ஒரு வரிகூடக் கிடைக்காது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேட்டரி விஷயத்தில் பட்ஜெட் போன் பல நேரம் விலை உயர்ந்த போனையே தோற்கடித்துவிடும். பெரும்பாலும் திரை 720 x 1600 தான்; புள்ளிகள் குறைவு என்பதால் கிராபிக்ஸ் வேலையும் குறைவு. போன் கொஞ்சம் தடியாக இருந்தாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை என்பதால் பெரிய பேட்டரியைத் தாராளமாக வைக்கிறார்கள். சார்ஜ் ஏறுவதுதான் மெதுவாக நடக்கும். 5000 எம்ஏஎச் என்பது கிட்டத்தட்ட 19 வாட்-அவர். 10 வாட் சார்ஜரில் போட்டால் வெறும் கணக்குப்படியே இரண்டு மணி நேரம் ஆகும்; வெப்பமாக வீணாவதையும் கடைசியில் வேகம் குறைவதையும் சேர்த்தால் மூன்று மணி நேரத்தை நெருங்கிவிடும். ராத்திரி செருகிவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை.

அப்புறம், பிளாஸ்டிக் முதுகு. கண்ணாடி மாதிரி பளபளக்காது, ஆனால் கீழே விழுந்தால் நொறுங்காது. விலை உயர்ந்த போன்கள் கைவிட்ட ஹெட்போன் ஓட்டையும் மெமரி கார்டு இடமும் இன்னும் பல பட்ஜெட் போன்களில்தான் உயிரோடு இருக்கின்றன. எனக்கு இது பெரிய பிளஸ்.

கேமராவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 50 மெகாபிக்சல் என்றாலும், நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் வழக்கமாகத் தரும். பகலில் நன்றாகவே இருக்கும். சென்சார் சின்னது, கை நடுங்கினாலும் படம் கலங்காமல் பிடிக்கும் ஓஐஎஸ் கிடையாது, அதனால் இருட்டில் எல்லாம் கலங்கிவிடும். கூடவே இருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா முதுகில் எண்ணிக்கை காட்டத்தான்.

'எட்டு கோர்' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். கோர் என்பது ப்ராசசர் சிப்புக்குள் கணக்குப் போடும் ஒரு பிரிவு; அதிலும் வேகமானது, மெதுவானது என்று ரகங்கள் உண்டு. சில மலிவான சிப்களில் எட்டுமே கார்டெக்ஸ் ஏ53 ரகம், 2012இல் அறிவிக்கப்பட்ட வடிவமைப்பு. ஹீலியோ ஜி85 என்ற சிப்பில் வேகமான ஏ75 கோர் இரண்டு, சின்ன ஏ55 கோர் ஆறு. ஹீலியோ ஜி99இல் அந்த வேகமான இரண்டும் இன்னும் புதிய ஏ76. 6 நானோமீட்டர் என்ற நுண்ணிய தயாரிப்பு முறையில் செய்ததால் சூடும் குறைவு. மூன்றுமே எட்டு கோர்தான்! தினசரி வேகத்தைத் தீர்மானிப்பது அந்த இரண்டு பெரிய கோர்கள்.

இப்போது ஸ்டோரேஜ். வாங்கிய புதிதில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடிய போன் இரண்டாவது வருஷம் திணறினால் எல்லோரும் ப்ராசசரைத் திட்டுகிறார்கள். என் சந்தேகம் முதலில் ஸ்டோரேஜ் மீதுதான் போகும். மலிவான போன்களில் இருப்பது பெரும்பாலும் இஎம்எம்சி என்ற பழைய ரக ஸ்டோரேஜ். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வண்டி விடும் குறுகலான பாலம் போல, அது படிக்கும்போது எழுதாது, எழுதும்போது படிக்காது. இஎம்எம்சி 5.1இன் உச்ச வேகம் ஏட்டளவில் நொடிக்கு 400 எம்பி. யுஎஃப்எஸ் என்ற புதிய ரக ஸ்டோரேஜின் 2.2 பதிப்பில் அது 1200 எம்பி வரை போகும். படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். பின்னணியில் நாலு ஆப் அப்டேட் ஆகும்போது வாட்ஸ்அப்பைத் திறந்தால் போன் அப்படியே உறைந்து நிற்கிறதே, அதன் காரணம் பல நேரம் இதுதான். 64 ஜிபி போனில் சிஸ்டமே கணிசமான இடத்தைத் தின்றுவிடுகிறது. மிச்சத்தில் குரூப்களில் வந்து குவியும் வீடியோக்கள். ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் இன்னும் படுத்துவிடும்.

இந்த லட்சணத்தில் 'ரேம் எக்ஸ்பான்ஷன்' வேறு. 4 ஜிபி ரேமோடு ஸ்டோரேஜில் ஒரு 4 ஜிபியை ஒதுக்கிவிட்டு 8 ஜிபி என்று அச்சடிப்பது எனக்கு ஏமாற்று வேலையாகவே படுகிறது. வேகத்தில் ரேம் எங்கே, இஎம்எம்சி எங்கே! கம்பெனியின் ஸ்பெக்ஸ் பக்கத்தில் யுஎஃப்எஸ் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஒன்றுமே சொல்லவில்லையா, இஎம்எம்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தமில்லாமல் வெட்டும் இன்னொரு இடம் சென்சார். சிலவற்றில் போன் திரும்புவதை உணரும் ஜைரோஸ்கோப் இருக்காது. சிலவற்றில் காதுக்குப் பக்கத்தில் போன் வந்ததை உணரும் ப்ராக்சிமிட்டி சென்சாருக்குப் பதில் மென்பொருளை வைத்துச் சமாளிப்பார்கள். என் போன் அந்த ரகம். பேசிக்கொண்டிருக்கும்போது கன்னம் பட்டு மியூட் ஆகிவிடும். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பேன். எந்த விமர்சன வீடியோவிலும் இதை யாரும் சொல்லவில்லை.

அப்டேட்டில் மட்டும் நிலைமை மாறுகிறது. சாம்சங் 2024இல் கேலக்ஸி ஏ16க்கு ஆறு வருஷம் அப்டேட் தருவதாக அறிவித்தது. ஆக, "இந்த விலையில் முடியாது" என்ற பழைய சாக்கு இனி செல்லாது. இன்னும் ஒரே ஒரு ஆண்ட்ராய்டு அப்டேட் தந்துவிட்டு அடுத்த மாடலைக் காட்டும் கம்பெனிகளைத் தாராளமாகத் திட்டலாம்.

இதே காசுக்குப் பழைய மிட்ரேஞ்ச் (நடுத்தர விலை) போன் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். பேட்டரியை மாற்றத் தயார் என்றால் வாங்கலாம், ஸ்டோரேஜும் கேமராவும் பெரும்பாலும் மேலாக இருக்கும். ஆனால் அப்டேட் காலத்தை நீங்கள் வாங்கும் நாளிலிருந்து எண்ணாதீர்கள், அந்த மாடல் முதலில் வெளியான நாளிலிருந்து எண்ணுங்கள்.