கம்பளிமேல் ஒரு மடிக்கணினி

ஹட்டன் குளிருக்கு நாம் கம்பளிக்குள் நுழைகிறோம், சரி. மடிக்கணினியையும் ஏன் கம்பளிமேல் வைக்க வேண்டும்? அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டு, பற்றரி அடுப்புக்கல்லாய்ச் சுடுகிறது. தம்பியிடம் எத்தனை முறைதான் சொல்வது? போதாததற்கு, இரவு பகலாகச் சார்ஜரும் குத்தியபடியே கிடக்கிறது. கேட்டால், "கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது, அக்கா?" என்கிறான்.

2022 மார்ச் முடிவில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் மடிக்கணினியில் இருக்கும் லித்தியம் அயன் பற்றரிக்கு, 100 வீதத்திலேயே நிற்பதும் சூடும் சேர்ந்தால் ஆகவே ஆகாது. உள்ளே இரசாயனச் சிதைவு விரைந்து, சார்ஜ் பிடிக்கும் கொள்ளளவு குறையும்; குறைந்தது திரும்பி வராது. பல புதிய கணினிகளில் 80 வீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, காற்றும் மழையும் மரத்தைச் சாய்க்கிற நாட்களில் மட்டும் நிரப்பிக்கொள்ளலாமே!

மாமா வேறு, "சார்ஜை முழுதாக இறக்கிவிட்டு ஏற்று" என்று புத்தி சொல்லிப் போகிறார். அது பழைய நிக்கல் காட்மியம் பற்றரிக்குச் சொன்னது.

அம்மா கொழுந்து பறித்த காசில் வாங்கியது. இரண்டே வருடத்தில் நாற்பது நிமிடம்கூடத் தாங்குவதில்லை. வயிறு எரிகிறது.